நாலு சென்டிமீட்டர்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. மூன்று நாளாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் கையெழுத்தை உன் அம்மா போட்டோ எடுத்து அனுப்புவாள், பக்கங்களை முன்பின்னாக அனுப்பினாலும் அனுப்புவாள், மேலே எண் போட்டிருக்கிறேன், அதைப் பார்த்து வரிசையாகப் படி.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடலாம். புனேயில் உன் ஆய்வுக்கூடத்தில் ஸ்கூட்டர் பேட்டரிகளைச் சார்ஜ் போட்டு, எவ்வளவு சூடாகிறது என்று அளக்கிறீர்கள். காலையில் எடுக்கும் அளவுகள் ஒழுங்காக இருக்கின்றன. மதியத்துக்கு மேல் எடுப்பவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகின்றன. உன் மேலதிகாரி அந்த மதிய அளவுகளைக் கொஞ்சம் “செட்” பண்ணி, கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் ரிப்போர்ட்டைக் கொடுக்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்டாய். நான் யோசிப்பதற்குள் நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய்: “உங்களப் போய் கேக்கறேன் பாருங்க. ஒண்ணு கம்மியா, ஒண்ணு ஜாஸ்தியா போட்டாதான் நம்புவாங்கன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானேப்பா.”

சிரிப்பு சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஊசி ஏற வேண்டிய இடத்தில் ஏறிவிட்டது. அது நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, நீ மறந்திருப்பாய் என்று நான் சௌகரியமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நீ பிளஸ் ஒன். உன் பள்ளிக்கூடத்து லேபில் கூட்டம் அதிகம், ஊசல்கள் மூன்றுதான், எட்டுப் பேருக்கு ஒன்று என்று நின்று பார்த்துவிட்டு வருவீர்கள். ரீடிங்கை யாராவது ஒருத்தி எடுப்பாள், மற்றவர்கள் எழுதிக்கொள்வீர்கள். உனக்கு அது பிடிக்கவில்லை. வீட்டிலேயே செய்து பார்க்கிறேன் என்று நின்றாய். எனக்கும் குஷிதான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் இருக்கும் நிலையின் மேல்கட்டையில் நான்தான் ஆணி அடித்தேன். என் டூல் பாக்ஸிலிருந்து ஒரு பெரிய நட்டை எடுத்து நூலில் கட்டித் தொங்கவிட்டோம். பக்கத்திலேயே அளப்பதற்கு உன் அம்மாவின் தையல் டேப்பை மாட்டினேன். நீ நட்டுப் பக்கத்து முடிச்சை அவிழ்த்து நூலின் நீளத்தை மாற்றி மாற்றி, ஒவ்வொரு நீளத்துக்கும் ஐம்பது ஆட்டம் எண்ணினாய், அதையும் மூன்று தடவை. உன் அம்மா கையில் சாம்பார்ப் பாத்திரத்தோடு, நட்டு அந்தப் பக்கம் போகும் சமயம் பார்த்து இந்தப் பக்கம் தாண்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு.

சாயங்காலம் கணக்குப் போட்டுப் பார்த்தாய். புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு வரவேண்டும். உனக்கு வந்ததோ, அறுபது சென்டிமீட்டருக்குப் பத்தரை. எண்பதுக்குப் பத்து புள்ளி மூன்று. நூறுக்குப் பத்து புள்ளி இரண்டு. நூற்றிருபதுக்குப் பத்து புள்ளி ஒன்று. நீ அழப்போகிறாய் என்று நினைத்தேன். நீ அழவில்லை. பென்சிலைக் கடித்துக்கொண்டு, அந்த எண்களை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு என்னிடம் வந்து ஒன்று கேட்டாய்.

“அப்பா, தப்புன்னா கண்டபடிதானே வரணும்? இது வரிசையா எறங்குதே, ஏன்?”

பாப்பா, நான் முப்பத்தோரு வருஷம் மறைமலை நகரில் கார் உதிரி பாகங்களை அளந்து பார்த்துத் தேறும், தேறாது என்று சொல்கிற வேலை பார்த்தவன். தினமும் காலையில் முதல் பாகத்தைத் தொடும் முன், அளக்கிற கருவியையே ஒரு மாஸ்டர் துண்டை வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். அளவு பிசகினால் பொருளைத் திட்டாதே, முதலில் கேஜைப் பார் என்று எத்தனை பேருக்குக் கத்திக் கத்திச் சொல்லியிருப்பேன். பிழை ஒரே பக்கமாக, வரிசையாக வந்தால் அங்கே ஒரு காரணம் உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்குப் பாலபாடம். என் பெண் பதினாறு வயதில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அதையே கேட்டாள். நான் என்ன சொன்னேன்?

“வரிசையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாளைக்கு ரெக்கார்டு வெக்கணும். ஒன்பது புள்ளி எட்டு வர்ற மாதிரி பின்னாலேர்ந்து போட்டுட்டு வா.”

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் அச்சாக ஒன்பது புள்ளி எட்டு வருகிற மாதிரி நேரங்களைப் போட்டு எடுத்துவந்தாய். நான் அதைப் பார்த்துவிட்டு, இப்படி எழுதினால் மாட்டிக்கொள்வாய், ஒன்று ஒன்பது புள்ளி ஏழு, இன்னொன்று ஒன்பது புள்ளி ஒன்பது என்று கலந்து போடு என்றேன். அது எனக்கு எப்படித் தெரியும்? சரக்கு அனுப்புகிறவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே எழுதி அனுப்பும் பொய் ரிப்போர்ட்டுகளை நான் அப்படித்தான் கண்டுபிடிப்பேன். ஆபீசில் திருட்டைப் பிடிக்கக் கற்ற வித்தையை, வீட்டில் திருடுவதற்குச் சொல்லிக் கொடுத்தேன். உனக்கு ரெக்கார்டில் முழு மதிப்பெண். “நீட்” என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். நீ அதை என்னிடம் காட்டவில்லை, உன் அம்மாதான் காட்டினாள். அதற்குப் பிறகு நீ என்னிடம் பிசிக்ஸில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. பொத்தேரியில் நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தாய், நான் வேலைக்குப் போகும் அதே எலக்ட்ரிக் டிரெயினில் எனக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னால் இறங்கினாய், ஒருநாளும் கேட்டதில்லை. பிள்ளை பெரியவளாகிவிட்டாள், தானே படித்துக்கொள்கிறாள் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனை வைத்ததும் பரணிலிருந்து உன் பழைய பெட்டியை இறக்கினேன். பிளஸ் ஒன் பிசிக்ஸ் புத்தகம் இரண்டு பாகமும் இருந்தது. ரிட்டயர் ஆன மனுஷனுக்கு வேறு என்ன வேலை, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். நான் டிப்ளமோவுக்கு முன்னால் படித்ததெல்லாம் தமிழில், உன் புத்தகம் இங்கிலீஷில். அங்கே போட்டிருப்பது நம் பழைய அலைவுதான், முடுக்கம்தான் என்று அடையாளம் கண்டுபிடிப்பதே, வெளியூரில் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம். ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. அறுபது வயதில் படிக்கும்போது அந்தப் புத்தகம் வேறு புத்தகமாக இருக்கிறது. பரீட்சை இல்லை என்பதால் ஒவ்வொரு வரியிலும் நின்று, அப்படியா, நிஜமாகவா என்று கேட்க முடிகிறது.

உனக்கு ஆறு வயது இருக்கும், வண்டலூருக்குப் போக டிரெயின் ஏறினோம். தாம்பரத்தில் வண்டி புறப்படும்போது மேலே தொங்கும் கைப்பிடிகள் எல்லாம் சேர்ந்து பின்பக்கம் சாய்வதைப் பார்த்துவிட்டு, “அதுங்களுக்கு மட்டும் வர இஷ்டம் இல்லையாப்பா?” என்று கேட்டாய். கம்முனு உக்காரு என்றேன். புத்தகத்தில் நியூட்டன் விதிகளைப் படித்ததும் அது ஞாபகம் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை ஓர் அட்டையில் டிகிரி கோடுகள் வரைந்து, மேலே ஒரு நூலில் பட்டனைக் கட்டிக்கொண்டு டிரெயின் ஏறினேன். பெருங்களத்தூரில் வண்டி கிளம்பும்போது பட்டன் சாய்ந்தது, மூன்று டிகிரிதான். அந்தச் சாய்வை வைத்தே வண்டி எவ்வளவு வேகமாக வேகம் பிடிக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம், பாப்பா. வண்டிக்கு வெளியே எட்டிப் பார்க்கவே வேண்டாம். பக்கத்தில் நின்றவர் நான் ரயில்வேயில் இருந்து சோதனைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து, ஃபேன் ஓடவில்லை என்று புகார் சொன்னார். குறித்துக்கொண்டேன். நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், அவற்றுக்கு வர இஷ்டம் இல்லை. எதற்குமே இருந்த இடத்தைவிட்டுக் கிளம்ப இஷ்டம் இருப்பதில்லை, இழுத்தால்தான் வரும். இருபது வருஷம் லேட்டாகச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

இரண்டாம் பாகத்தில் ஊசல் பாடத்துக்குப் போனபோதுதான் அது கிடைத்தது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்று, நாலாக மடித்து, அந்தப் பக்கத்திலேயே வைத்திருந்தாய். பின்பக்கம் பென்சிலில் உன் நிஜ ரீடிங்குகள். ஐம்பது ஆட்டம், மூன்று தடவை, நாலு நீளம். கடைசியில் பத்தரை, பத்து புள்ளி மூன்று, பத்து புள்ளி இரண்டு, பத்து புள்ளி ஒன்று. அந்த வரிசைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, ஒரே ஒன்று, அழுத்திப் போட்டது. நான் மாற்றச் சொன்னேன், நீ மாற்றிவிட்டாய், ஆனால் இதை நீ கிழித்துப் போடவில்லை. அந்தத் தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா வந்து, என்ன, யாருக்கு என்ன என்று பயந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சண்முகம் சாலைக்குப் போய் கிராஃப் தாள் வாங்கிவந்தேன். புத்தகத்தில் சொன்ன மாதிரி, ஒரு பக்கம் ஊசலின் நீளம், இன்னொரு பக்கம் ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தின் வர்க்கம். நீ எடுத்த நாலு புள்ளிகளையும் வைத்தேன். ஸ்கேலை வைத்துப் பார்த்தால், நாலும் ஒரே கோட்டில் நிற்கின்றன. பதினாறு வயதுப் பெண் போன் ஸ்டாப்வாட்ச்சில் எடுத்த ரீடிங், இப்படி ஒரு கோடு எங்கள் தொழிற்சாலையில் வந்தால் இனிப்பு வாங்கிக் கொடுப்போம். ஆனால் அந்தக் கோடு இரண்டு பக்கமும் பூஜ்யமாகும் சுழியில் போய்ச் சேரவேண்டும். நீளமே இல்லாத ஊசலுக்கு ஆடுகிற நேரமும் இல்லை, அவ்வளவுதானே. உன் கோடு சுழிக்கு வரவில்லை. பின்னால் நீட்டிக்கொண்டு போனால் நீளத்தின் பக்கம், நாலு சென்டிமீட்டரில் போய் முட்டியது.

நாலு சென்டிமீட்டர். ஆடுகிற நேரம் சுழியாக இருக்கும்போது உன் டேப் நாலு என்று காட்டியிருக்கிறது. அப்படியென்றால் அந்த டேப் ஒவ்வொரு தடவையும், அறுபதோ நூற்றிருபதோ, நாலு சென்டிமீட்டர் கூடுதலாகச் சொல்லியிருக்கிறது. நீளம் குறைவாக இருக்கும்போது அந்த நாலு பெரிய பங்கு, விடை அதிகமாகக் கெடும். நீளம் கூடக் கூட அது சின்னப் பங்கு, விடை கொஞ்சமாகக் கெடும். அதனால்தான் வரிசையாக இறங்கியது. நீ கேட்ட ஏனுக்கு இதுதான் பதில். ஆனால் அந்த நாலு எங்கிருந்து வந்தது? நீ அளக்கத் தப்பினாய் என்றுதான் முதலில் நினைத்தேன், பார், இப்போதும் அப்படித்தான் புத்தி போகிறது. பிறகுதான் நினைவுக்கு வந்தது. உனக்கு மேலே எட்டாது, கீழே நின்று நட்டின் நடுவில் என்ன எண் என்று படித்தது மட்டும்தான் நீ. மேலே டேப்பை மாட்டியவன் நான்.

உன் அம்மாவிடம் அந்த டேப் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். மெஷின் டிராயரில்தான் கிடக்கிறது, அதுக்கென்ன இப்போ என்றாள். எடுத்து விரித்துப் பார்த்தேன். நுனியில் ஒரு துருப்புள்ளி. எட்டாவது சென்டிமீட்டரில் இன்னொரு துருப்புள்ளி. சரியாக நடுவில், நாலில், ஒரு மடிப்பின் தடம். துணி டேப் ஆணியில் நிற்கவேண்டுமே என்று, நுனியை ஆணிமேல் மடித்துப் பின்பக்கம் ஊக்குக் குத்தியிருக்கிறேன். நாலு சென்டிமீட்டர் ஆணிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மாதக்கணக்கில் அப்படியே குத்திக் கிடந்து, ஊக்கு துருப்பிடித்திருக்க வேண்டும். சுழிப் பிழை என்று உன் புத்தகத்தின் முதல் பாடத்திலேயே இருக்கிறது. அதை முப்பத்தோரு வருஷம் பார்த்துச் சம்பளம் வாங்கியவன், தன் கையால் அதை உண்டாக்கி, அதற்காகத் தன் பெண்ணைப் பொய் எழுத வைத்தான். பிழை என்னுடையது, திருத்தியது நீ. இதைவிட வெட்கமாக எனக்கு எதுவும் நடந்ததில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்தக் கோடு சுழிக்கு வராவிட்டாலும், அதன் சாய்வு கெடவில்லை. எல்லாப் புள்ளியும் ஒரே அளவு நகர்ந்திருந்தால் கோடும் அப்படியே நகரும், சாய்வு மாறாது. அந்தச் சாய்விலிருந்து கணக்குப் போட்டேன். ஒரு தடவை போட்டேன், நம்பாமல் இன்னொரு தடவை போட்டேன். ஒன்பது புள்ளி எட்டு. நான் உன்னைப் பொய்யாக எழுதச் சொன்ன அதே எண், பாப்பா, நீ மெய்யாக எடுத்த ரீடிங்குக்குள்ளேயே இருந்தது. கொஞ்சம் பொறுத்து, உன் கேள்வியோடு உட்கார்ந்திருந்தால், அந்த ராத்திரியே உனக்கு அது கிடைத்திருக்கும். கிராஃப் தாளை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை, ஆனால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

இனி உன் பேட்டரிக்கு வருகிறேன். உன் மதிய அளவுகள் ஏன் ஏறுகின்றன என்று எனக்குத் தெரியாது. வெயிலில் அறை சூடாகிறதோ, அளக்கிற கருவி சூடாகிறதோ, அதை ஒட்டியவர் என்னைப்போல எதையாவது மடித்து ஒட்டினாரோ. இல்லை, பேட்டரிதான் நிஜமாகவே சூடாகிறதோ. முதல் மூன்றில் ஒன்றாக இருந்தால், ஒருநாள் வேலை, கண்டுபிடித்துவிடலாம். கடைசியாகச் சொன்னது என்றால், அந்தப் பேட்டரியின் மேல்தான் யாரோ ஒருத்தி பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் மத்தியான வெயிலில் போகப்போகிறாள். எது என்று தெரியாமல் நீ கையெழுத்துப் போடக்கூடாது. இதை உன் அப்பா என்ற முறையில் சொல்லவில்லை, அந்த உரிமையை நான் அன்றைக்கே விட்டுவிட்டேன். கேஜ் பார்த்த ஒருத்தன் என்ற முறையில் சொல்கிறேன். கருவியைச் சரிபார்க்க இரண்டு நாள் வேண்டும் என்று எழுத்தில் கேள். கொடுக்கவில்லை என்றால் எடுத்த எண்களை எடுத்தபடியே வைத்து, மதிய அளவுகள் ஏறுகின்றன, காரணம் தெரியவில்லை என்று ஒரு வரி எழுதி, அதற்குக் கீழே உன் பெயரைப் போடு. கோபப்படுவார்கள். உன் வேலைக்கே ஆபத்து வரலாம், வராது என்று நான் பொய் சொல்லமாட்டேன். வந்தால் தாம்பரத்துக்கு டிக்கெட் போடு. உன் அறையில் நான் கிராஃப் தாள்களைப் பரப்பி வைத்திருக்கிறேன், எடுத்துவிடுகிறேன்.

நேற்று அதே நிலையில், அதே ஆணியில், அதே நட்டை மறுபடி தொங்கவிட்டேன். இந்தத் தடவை டேப்பை மடிக்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, சுழி ஆணிக்கு நேராக இருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். உன் அம்மா ஐம்பது எண்ணினாள். மூன்று நீளத்துக்குச் செய்து சராசரி எடுத்தேன். ஒன்பது புள்ளி ஆறு வந்தது. நூல் இழுபட்டதா, நட்டின் நடுவை நான் தப்பாகப் பார்த்தேனா, தெரியவில்லை. உன் அம்மா நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “புள்ளி எட்டுதானே வரணும்? போட்டுக்கங்க, யார் பாக்கப் போறாங்க?” என்றாள்.

“அவ பார்ப்பா” என்றேன்.

ஒன்பது புள்ளி ஆறு என்று பேனாவில் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, உன்னுடையதைப் பார்த்து நானும் அழுத்திப் போட்டேன். நட்டை அவிழ்க்கவில்லை, உன் அம்மா ஒதுங்கிப் போய் வருகிறாள். ஏன் குறைகிறது என்று நீ வந்து பார்த்துச் சொல்லு.

அப்பா